பட்டணத்தில் நால்வருக்கு ஓர் இடம்

சித்திரை பிறந்து, பள்ளிக்கூடங்களில் ஆண்டுத் தேர்வுகள் முடிந்து, கத்திரி வெயில் தொடங்குவதற்குச் சில தினங்களே எஞ்சியிருக்கும் வேளையில், திருநெல்வேலியிலும் தேனியிலும் கும்பகோணத்திலும் அறந்தாங்கியிலும் எத்தனையோ வீடுகளின் கூடத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே விஷயத்தைப் பற்றிய ஆலோசனை நடைபெறுகிறது. பிள்ளைகளை இந்த விடுமுறையில் சென்னைக்கு அழைத்துச் சென்று, கடற்கரையையும் மியூசியத்தையும் பெரிய நூலகத்தையும் காட்டி, மெட்ரோ ரயிலில் ஏற்றி இறக்கி, ஊர் திரும்ப வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். ரயில் டிக்கெட்டை 60 நாட்களுக்கு முன்பே பதிவு செய்துவிட்ட குடும்பத் தலைவர், செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்துவிட்ட குடும்பத் தலைவி, பார்க்க வேண்டிய இடங்களின் ஜாபிதாவைக் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்ட பிள்ளைகள் என்று எல்லாரும் தயாராக இருக்க, தங்குவது எங்கே என்ற ஒரு கேள்வி மட்டும் கடைசி வாரம் வரையில் பதிலின்றி நிற்கிறது.

விஷயம் எளியதுபோலத் தோன்றும். சென்னையில் லாட்ஜுகளுக்குப் பஞ்சமில்லை. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னத் லேனில் நின்று பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் லாட்ஜுகளின் பெயர்ப் பலகைகளே தென்படுகின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றில் நுழைந்து, கணவன் மனைவியும் பதினாறு வயதுப் பெண்ணும் பதினான்கு வயதுப் பையனும் இரண்டு நாள் தங்க இடம் வேண்டும் என்று கேட்டால், "ரூம் ரெண்டு பேருக்குத்தான் சார். பெரிய பசங்கன்னா எக்ஸ்ட்ரா பெட் போடணும், அதுக்குத் தனி சார்ஜ்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். பதில் சொல்பவரிடம் குற்றமில்லை. அந்த அறை இரண்டு பேருக்காகவே கட்டப்பட்டது. ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் போட்டபின் எஞ்சும் தரையில் ஒரு மெத்தையை விரித்தால், குளியலறைக் கதவைத் திறப்பதற்கே அந்த மெத்தையை மடித்தாக வேண்டும்.

நகரத்தில் அறைகள் இல்லை என்பதன்று என் வாதம். வளர்ந்த பிள்ளைகளையுடைய நடுத்தரக் குடும்பம் ஒன்று பிரயாணம் செய்து வந்து தங்கும் என்பதை, அறைகளைக் கட்டியவர்கள் கருதிப் பார்க்கவே இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. அதன் காரணத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது, தங்குமிடம் தேடும் குடும்பஸ்தருக்கும், அத்தகைய இடங்களை ஏற்படுத்தித் தரக்கூடிய அரசாங்கத்துக்கும் ஒருங்கே பயன்படும்.

பன்னிரண்டாம் பிராயம்

ரயில்வே இலாகாவின் கணக்குப்படி 12 வயது நிரம்பியவர் முழுக் கட்டணம் செலுத்த வேண்டிய பிரயாணி. ஓட்டல்களிலும் பெரும்பாலானவை ஏறக்குறைய இந்த எல்லையையே வைத்திருக்கின்றன. அதுவரையில் தாய் தந்தையரின் கட்டிலிலேயே ஓரமாகப் படுத்து உறங்கிய குழந்தைக்கு வாடகை கேட்பவர் அரிது. அந்த வயதைக் கடந்த மறுதினமே அவன் ஒரு பெரிய மனிதனாகி, ஒரு கட்டிலுக்கும் ஒரு போர்வைக்கும் ஒரு காலைச் சிற்றுண்டிக்கும் உரிய தொகையைத் தகப்பனாரின் பணப்பையிலிருந்து எடுக்கத் தொடங்கிவிடுகிறான்.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பிராயத்தில் பிள்ளைகளின் தேவையே மாறிப்போகிறது. பதினைந்து வயதுப் பெண் உடை மாற்றிக்கொள்ளத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு வேண்டும். மாதத்தின் சில நாட்களில் பிறர் அவசரப்படுத்தாத ஒரு குளியலறை வேண்டும். வீட்டில் ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் குடும்பத்தில்கூட, அவளுக்கென்று ஒரு மறைவும் ஒரு மூலையும் அம்மாவின் ஜாக்கிரதையால் எப்படியோ அமைந்திருக்கின்றன. முன்பின் தெரியாத ஊரில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், தம்பியும் தகப்பனாரும் உடனிருக்க, அந்த மறைவு இல்லாமற் போய்விடுகிறது. அவள் வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டாள். மறுநாள் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாளே, இவ்வளவு செலவு செய்து அழைத்து வந்தும் சந்தோஷம் இல்லையே என்று பெற்றோர் வருந்துவர். பையனுக்கோ இரவு பத்து மணிக்கு மேல் மறுபடி பசியெடுக்கும். காலையில் எட்டு மணி வரையில் தூக்கம் கலையாது. சென்னை வெயிலுக்கு அஞ்சி ஆறு மணிக்கே புறப்பட்டுவிட வேண்டும் என்று திட்டமிட்ட தகப்பனாருக்கும், எழுந்திருக்க மனமில்லாத மகனுக்கும் இடையே நடக்கும் வாக்குவாதம், ஒரே அறையில் நான்கு பேர் என்றால் நான்கு பேருடைய நாளையும் கெடுத்துவிடும்.

ஆதலால் இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம் திட்டமானது. பெரிய அறை ஒன்றைவிட, அருகருகே உள்ள சிறிய அறைகள் இரண்டு மேல். தாயும் மகளும் ஓர் அறையில், தந்தையும் மகனும் மற்றோர் அறையில். இரண்டு குளியலறைகள் கிடைத்துவிடுவதால் காலை வேளையின் நெருக்கடி பாதியாகிவிடுகிறது. நல்ல ஓட்டலில் ஓர் அறையும் இரண்டு எக்ஸ்ட்ரா பெட்டும் எடுக்கும் தொகையில், அதே தெருவில் சற்று எளிய, ஆனால் சுத்தமான லாட்ஜில் இரண்டு அறைகள் பல சமயங்களில் கிடைத்துவிடும். வரியைப் பொறுத்தும் நஷ்டமில்லை; 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையில் வாடகையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமே. முன்னர் அது 12 சதவீதமாக இருந்தது. பழைய விகிதத்தையே இன்னும் பில்லில் போட்டிருந்தால், மரியாதையாகச் சுட்டிக்காட்டும் உரிமை வாடகை கொடுப்பவருக்கு உண்டு.

சித்தப்பா வீடும் சத்திரமும்

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. மாம்பலத்தில் ஒரு சித்தப்பாவும், பெரம்பூரில் ஓர் அத்தையும், குரோம்பேட்டையில் ஒன்றுவிட்ட மாமாவும் இல்லாத குடும்பம் தென்மாவட்டங்களில் அரிது. கோடை விடுமுறை என்றால், ஒரு மூட்டை அரிசியையும் ஒரு கூடை மாம்பழத்தையும் முன்னே வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் இறங்குவதே வழக்கமாக இருந்தது. மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துச் சூடு தணித்துப் பத்துப் பேர் வரிசையாகப் படுத்தார்கள். விருந்தினரும் வீட்டாரும் ஒரே கிணற்றடியில் குளித்தார்கள். அன்பு அதற்குக் காரணம் என்று சொல்வது உண்மைதான். ஆனால் மாடியும் கிணறும் இருந்ததும் ஒரு காரணமே. இன்று அந்தச் சித்தப்பாவின் மகன் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வசிக்கிறான். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். மொட்டை மாடிக்குச் சங்கம் பூட்டுப் போட்டிருக்கிறது. மே மாதத்தில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து ஆளுக்கு இத்தனை வாளி என்று கணக்குப் பார்க்கும் குடியிருப்புகளும் உண்டு. "வீட்டுக்கு வாங்கோ" என்று அவர்கள் அழைப்பது மனப்பூர்வமாகவே இருக்கலாம். அழைக்கப்படுபவர் தயங்குவதும் அதே மனப்பூர்வத்தினால்தான். ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் போய்வருவது, இரவு தங்குவதற்கு வேறிடம் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு இரு தரப்பாருக்கும் சௌகரியமாகிவிட்டது.

உறவினர் இல்லாதவருக்கு அந்நாளில் சத்திரம் இருந்தது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாளின் பெயரால் விளங்கும் சத்திரத்தை இன்றும் காணலாம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரத்துக்குச் செல்லும் பாதை நெடுகிலும் சத்திரங்களை நிறுவினார்கள். ஒரத்தநாட்டிலுள்ள முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பெரும் புகழ் பெற்றது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், அச்சத்திரங்களில் எந்த ஜாதியினராயினும் யாத்திரிகர் அனைவருக்கும் அன்னமளிப்பதையும், நோயுற்றவருக்கு வைத்தியம் செய்வதையும், கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தனிக் கவனம் காட்டுவதையும் எடுத்துரைத்து, ராஜ்ஜியத்தின் மற்ற உரிமைகள் எப்படிப் போனாலும் இந்த தர்மம் நின்றுவிடக் கூடாது என்று மன்றாடியிருக்கிறார். குடும்பம் என்பது குழந்தையும் கர்ப்பிணியும் முதியவரும் அடங்கியது, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு தேவை உண்டு என்ற ஞானம், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு நம்மிடம் இருந்தது.

சென்னையிலும் அந்த மரபு இருந்தது. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றுவதற்காகத் தோன்றிய மணியக்காரர் சத்திரம் வடசென்னையில் இருக்கிறது. அதனோடு வளர்ந்த வைத்தியசாலைதான் பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியாயிற்று. சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே, ராஜா சர் சவலை ராமசாமி முதலியார், ரயிலிலிருந்து இறங்கும் பிரயாணிகளுக்கென்றே ஒரு சத்திரம் கட்டினார். ஊருக்குப் புதிதாக வரும் ஏழை, ரயிலடியைக் கடந்தவுடன் தலைசாய்க்க ஓர் இடம் இருக்கவேண்டும் என்று ஒரு தனவந்தர் எண்ணினார். அந்த எண்ணத்துக்குக் கல்லிலும் சுண்ணாம்பிலும் உருவம் கொடுத்தார்.

லாட்ஜுகள் வேறு தேவையிலிருந்து பிறந்தவை. ஹைகோர்ட்டில் வழக்குக்காக வந்தவர், ஜெனரல் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்தவர், சரக்குக் கொள்முதல் செய்ய வந்த வியாபாரி, உத்தியோகம் தேடி வந்த வாலிபர் ஆகியோரே அவற்றின் வாடிக்கையாளர். அவர்கள் தனியாகவோ ஒரு துணையுடனோ வந்தார்கள். திருவல்லிக்கேணியின் மேன்ஷன்கள் முழுக்க முழுக்கத் தனியாட்களுக்காகவே ஏற்பட்டவை. ஒரு கட்டில் அறையும், தாழ்வாரக் கோடியில் பொதுக் குளியலறையும் அவற்றின் இலட்சணம். 2018ஆம் ஆண்டில் பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறும் வரையில், ஆண்டுதோறும் கோடையில் ஒரு மாணவனும் அவன் தகப்பனாருமாகப் பல்லாயிரவர் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்தபோதும், அவர்களுக்கும் இந்த இருவர் அறையே போதுமானதாயிருந்தது. நால்வராக, ஒரு காரியத்துக்காகவும் அல்லாமல், நகரத்தைக் காண்பதற்கென்றே வரும் குடும்பம் இந்த வரலாற்றில் காலம் தாழ்த்தி வந்து சேர்ந்தது. அதற்கென்று யாரும் இடம் கட்டிவைக்கவில்லை.

எங்கே தங்கலாம்?

இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலரும் வாடகையை மட்டும் கேட்டு, நேரத்தைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். தெற்கிலிருந்து வரும் இரவு ரயில்கள் விடியற்காலையிலும் காலையிலும் எழும்பூரையோ தாம்பரத்தையோ அடைகின்றன. ஓட்டல்களில் பல, நண்பகல் 12 மணிக்கு அறை கொடுத்து நண்பகல் 12 மணிக்கு அறையைத் திருப்பிக் கேட்கும் முறையுடையவை. பழைய லாட்ஜுகளில் பல, நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கின்றன. திங்கட்கிழமை காலை 6 மணிக்கு வந்து புதன்கிழமை இரவு ரயிலில் திரும்பும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பகல் முறையில், திங்கட்கிழமை காலையிலேயே அறை வேண்டுமென்றால் அந்த ஆறு மணி நேரத்துக்கும் ஒரு நாள் வாடகை சேர்ந்து, மூன்று நாள் வாடகை கொடுத்தும் புதன்கிழமை உச்சி வெயிலில் பெட்டியும் கையுமாகத் தெருவுக்கு வர நேரிடும். 24 மணி நேரக் கணக்கில், அதே மூன்று நாள் வாடகைக்குப் புதன்கிழமை மாலை வரையில் அறையில் இருந்து, குளித்து, உடை மாற்றி, ரயிலடிக்குப் புறப்படலாம். மே மாதத்துச் சென்னையில் பகல் 12 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடைப்பட்ட காலம் எத்தகையது என்பதை அறிந்தவர், இந்த வித்தியாசத்தின் மதிப்பை அறிவார். போனில் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

ரயிலில் வருகிறவர்களுக்கு மற்றொரு வசதி உண்டு. சென்ட்ரலிலும் எழும்பூரிலும் ரயில்வேயின் ஓய்வு அறைகள் இருக்கின்றன. உறுதியான டிக்கெட் உள்ளவர், டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு ஐ.ஆர்.சி.டி.சி. வாயிலாக அவற்றை முன்பதிவு செய்துகொள்ளலாம். நகரத்தின் நடுவில், அவ்வளவு குறைந்த வாடகையில், வேறு எங்கும் அறை கிடைப்பதரிது. ஆயினும் அவை சொற்பமானவை, கோடையில் விரைவில் தீர்ந்துவிடுபவை; குடும்பத்தோடு பல நாள் தங்குவதற்கென்று ஏற்பட்டவையும் அல்ல. வந்திறங்கிய முதல் நாளுக்கோ, ஊர் திரும்பும் கடைசி நாளுக்கோ அவற்றைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அறையைக் காலி செய்தபின் பெட்டிகளைச் சுமந்து திரிவதைத் தவிர்க்க, ரயில் நிலையத்துக் க்ளோக் ரூம் இருக்கிறது.

பேட்டைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? தென்மாவட்டத்திலிருந்து ரயிலில் வரும் குடும்பத்துக்கு எழும்பூரையே நான் சிபாரிசு செய்வேன். 1851இல் நிறுவப்பட்ட அரசு அருங்காட்சியகமும், 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் ஒரே வளாகத்தில் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறவாமல் திட்டமிட வேண்டும். எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் கிண்டிக்கும், ரயிலைப் பார்த்து ஏறினால் வண்டலூருக்கும் நேரே போய்விடலாம். மெட்ரோ ரயிலில் சென்ட்ரல் ஒரே நிலையம். எதிர்த் திசையில் அதே வழித்தடம் கோயம்பேடு வழியாக வடபழனிக்குக் கொண்டுபோய் விடுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய விஷயம். தங்குமிடத்தின் வாசலிலேயே ரயில் இருந்தால், அக்காளும் தம்பியுமாக இரண்டு நிலையம் தனியே போய்வர அவர்களை அனுமதிக்கலாம்; நகரத்தைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்ட பெருமிதம் அவர்களுக்கு உண்டாகும்.

திருவல்லிக்கேணியை மேன்ஷன்களின் பேட்டை என்று ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. குடும்பங்களுக்கு அறை கொடுக்கும் லாட்ஜுகள் அங்கே உண்டு. ஆனால் இணைந்த குளியலறை உள்ளதா, அந்த மாடியில் வேறு குடும்பங்களும் தங்குகின்றனவா என்பதை நேரில் பார்த்து அறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். மாலையில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் மெரினாவுக்கு நடந்தே போகலாம். பார்த்தசாரதி கோயிலுக்கு அருகே பாரதியார் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. கணித மேதை ராமானுஜன், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் வசித்த ஹனுமந்தராயன் கோயில் தெருவும் அங்கேதான். பத்தாம் வகுப்பில் கணக்கைக் கண்டு நடுங்கும் பையனை அந்தத் தெருவில் ஒருமுறை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். எஃப்.ஏ. என்ற கல்லூரிப் பரீட்சையில் தேறாத ஒரு வாலிபர் அந்தச் சின்னத் தெருவிலிருந்துதான் கேம்பிரிட்ஜுக்குப் போனார் என்று சொல்லுங்கள். நூறு அறிவுரைகளால் ஆகாதது அதனால் ஆகலாம்.

தியாகராய நகர் ஜவுளி வாங்க வருகிறவர்களுக்கு உகந்தது. இரைச்சலும் நெரிசலும் அதிகம். மேற்கு மாம்பலம், அசோக் நகர், வடபழனிப் பக்கங்களில் சமையலறையுடன் கூடிய சர்வீஸ் அபார்ட்மெண்டுகள் கிடைக்கின்றன. ஐந்தாறு நாள் தங்குவதாயிருந்தால் அவையே மிகவும் சிக்கனமானவை. நான்கு பேர் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிடும் செலவு அறை வாடகையை எட்டிப்பிடித்துவிடும். காலையில் இட்லி மாவும், இரவில் பசிக்கும் பையனுக்கு ஒரு தோசையும் அறையிலேயே கிடைத்துவிட்டால், அந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும். இத்தகைய ஃபிளாட்டுகளைக் கைப்பேசிச் செயலிகளில் பிடிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படத்தைப் பார்த்து மயங்காமல், இடத்தை வரைபடத்தில் பார்க்க வேண்டும். மகாபலிபுரம் சாலையிலோ அதற்கு அப்பாலோ பாதி விலைக்குக் கிடைக்கும் வீடு, தினமும் நகரத்துக்கு வந்துபோகும் ஆட்டோ, டாக்ஸிக் கட்டணத்தில் அந்த லாபத்தை விழுங்கிவிடும்.

பஸ்ஸில் வருகிறவர்களுடைய நிலைமை இப்போது மாறியிருக்கிறது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டப் பஸ்கள் கோயம்பேடு வரையில் வருவதில்லை. வண்டலூருக்கு அருகிலேயே பிரயாணம் முடிந்துவிடுகிறது. அங்கேயே, அல்லது தாம்பரத்தில், மலிவாக அறை எடுத்துவிடலாமே என்ற யோசனை பலருக்கும் தோன்றும். வண்டலூர் மிருகக்காட்சிசாலைதான் பிரயாணத்தின் முக்கிய நோக்கம் என்றால் அது நல்ல யோசனை; செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. நகரமே நோக்கம் என்றால், போக வர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஒவ்வொரு நாளும் ரயிலிலும் பஸ்ஸிலும் கழிந்துபோகும், பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள்.

இவை தவிர, ஸ்தாபனங்கள் நடத்தும் விடுதிகள் சில உண்டு. பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையிலுள்ள ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் விடுதி, மாதர் சங்கத்துடையதாயினும் குடும்பங்களையும் ஏற்றுக்கொள்கிறது. மரங்கள் சூழ்ந்த அமைதியான இடம். அடையாறு இந்திரா நகரில் ஓர் இளைஞர் விடுதி இருக்கிறது. ஆசிரியர்களுக்குச் சைதாப்பேட்டையில் ஆசிரியர் இல்லம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பல வாரங்களுக்கு முன்பே எழுதியோ போன் செய்தோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த இடமானாலும் கேட்க வேண்டியவை சில: கோடையில் தண்ணீர் எந்நேரமும் வருமா? 2019ஆம் ஆண்டு ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது நகரம் பட்ட பாட்டை அறிந்தவர் இக்கேள்வியை விடமாட்டார். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா? லிப்ட் வேலை செய்கிறதா? இரண்டாவது மாடிப்படி இருக்கிறதா? சொன்ன வாடகை வரி சேர்த்தா, சேர்க்காமலா? நால்வருடைய ஆதார் அட்டைகளையும் கையில் வைத்துக்கொள்வது நலம்.

இந்தக் கேள்விகளைப் போனில் கேட்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம் என்பது என் ஆலோசனை. இவ்வளவு தொகைக்குள், இந்தப் பேட்டைக்குள், மூன்று இடங்களை விசாரித்து, எது மேல் என்று காரணத்தோடு சொல்லும்படி பதினாறு வயதுப் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். வரைபடத்தைப் பார்க்கவும், விலையை ஒப்பிடவும், முகம் தெரியாத ஒருவரிடம் மரியாதையாகவும் உறுதியாகவும் பேசவும் அவள் கற்றுக்கொள்வாள். தானே தேர்ந்தெடுத்த அறையில் சிறு குறை இருந்தால் பெரிதுபடுத்தவும் மாட்டாள். இரண்டோர் ஆண்டுகளில் கல்லூரிக்கோ வேலைக்கோ இதே நகரத்துக்கு அவள் தனியே வரப்போகிறாள் அல்லவா?

மே மாதத்தில் பூட்டிக் கிடப்பவை

இத்தனை ஜாக்கிரதையாகத் தேடினாலும், மாதம் முப்பதாயிரம் நாற்பதாயிரம் வருமானமுள்ள குடும்பத்துக்கு, மூன்று இரவுகளுக்கு இரண்டு அறை என்பது பெரும் பாரமே. பாரத்தைத் தாங்க முடியாமல், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று ஒத்திவைக்கும் குடும்பங்களில் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். அந்த அடுத்த வருஷம் வருவதேயில்லை. தங்கள் மாநிலத்தின் தலைநகரத்தையும், அதன் செப்புத் திருமேனிகளையும், அதன் நூலகங்களையும் ஒருமுறைகூடக் காணாமல் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

பரிகாரம் நம் கண்முன்னேயே இருக்கிறது. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், 1909ஆம் ஆண்டு ஆகஸ்டில், தம் மாணவர்களை நடைப்பயணமாக அழைத்துச் சென்றபோது பெரும் இடிமழையில் சிக்கிக்கொண்டார். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. வகுப்பறையில் வைக்கோல் பரப்பிப் பிள்ளைகள் உறங்க, இரவு முழுவதும் விழித்திருந்த ஆசிரியருக்கு ஒரு யோசனை உதித்தது: விடுமுறைக் காலத்தில் நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் வெறுமனே பூட்டிக் கிடக்கின்றனவே, அவற்றைப் பிரயாணம் செய்யும் இளைஞர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன? அந்த யோசனையிலிருந்து அல்டேனா கோட்டையில் முதல் இளைஞர் விடுதி பிறந்தது. பிறகு அது உலகெங்கும் பரவி, 1932இல் சர்வதேச இளைஞர் விடுதிகள் சம்மேளனம் தோன்றியபோது ஷிர்மானே அதன் முதல் தலைவரானார். இன்று லண்டனிலும் எடின்பரோவிலும் பல்கலைக்கழகங்கள், கோடை விடுமுறையில் மாணவர் விடுதிகளின் அறைகளை யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. குடும்பங்கள் ஓட்டலைவிடக் குறைந்த செலவில் அங்கே தங்கிப் போகின்றன.

சென்னையில் எத்தனை அரசுக் கல்லூரிகள், எத்தனை பல்கலைக்கழக வளாகங்கள், அவற்றில் எத்தனை மாணவர் விடுதிகள்! கட்டிலும் மேஜையும் மின்விசிறியும் குளியலறையும் சமையற்கூடமும் காவலாளியும் உள்ள அந்த அறைகளில் பெரும்பகுதி, தேர்வு முடிந்து மாணவர் ஊர் சென்றபின், சரியாக மே மாதத்தில் பூட்டிக் கிடக்கின்றன. நம் குடும்பங்களுக்கு அறை வேண்டியிருப்பதும் சரியாக மே மாதத்தில்தான்.

ஆட்சேபங்கள் எழும் என்பதை அறிவேன். வெள்ளையடிப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் அந்த ஒரு மாதம்தான் கிடைக்கிறது என்பார்கள். ஒரு பகுதியில் வேலை நடக்கட்டும், மறு பகுதியைத் திறக்கலாம். மாணவர்களின் உடைமைகள் பாதுகாப்பாக இருக்குமா என்பார்கள்; அவற்றைப் பூட்டிவைக்க ஓர் அறை போதும். யார் யாரோ வந்து தங்குவார்களே என்பார்கள். பள்ளித் தலைமையாசிரியரின் கடிதத்தோடும் அடையாள அட்டைகளோடும் வரும் குடும்பங்களுக்கு மட்டும் என்று விதி செய்யலாம். பெண்கள் விடுதியில் தாயும் மகளும், ஆண்கள் விடுதியில் தந்தையும் மகனுமாகத் தங்கினால், மேற்சொன்ன மறைவுப் பிரச்சினையும் தீர்ந்துவிடும். வாடகையில் ஒரு பங்கு விடுதியின் பராமரிப்புக்குச் சேரும். விடுமுறையில் சம்பளமின்றி இருக்கும் விடுதிச் சமையற்காரர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஒரு மாத வேலை கிடைக்கும். வேலைக்குச் செல்லும் பெண்களுக்காகத் 'தோழி' விடுதிகளை அமைத்து நடத்திக்காட்டிய அரசாங்கத்துக்கு, இது இயலாத காரியமல்ல.

உயர்கல்வித் துறையும் சுற்றுலாத் துறையும் கலந்து பேசி, வரும் மே மாதத்துக்குச் சென்னையில் இரண்டே இரண்டு விடுதிகளை, ஆண்கள் விடுதி ஒன்றும் பெண்கள் விடுதி ஒன்றும், இவ்வாறு திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாதத்தின் அனுபவத்தைக் கொண்டு மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் திருச்சிக்கும் அதை விரிவுபடுத்தலாம். இதைப் படிக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும், தங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு இதுபற்றி ஒரு கடிதம் எழுத வேண்டுகிறேன். பள்ளியின் பெயரையும், எத்தனை குடும்பங்கள் வரத் தயாராக இருக்கின்றன என்பதையும் அதில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.